குழாய்க்குள் கேமரா விடுவதற்கு முன் மூடியைத் திறந்து பாருங்கள்

கேள்வி:

நங்கநல்லூரில் 1984-இல் என் மாமனார் கட்டிய வீட்டில் இருக்கிறோம். தரைத்தளத்தில் நாங்கள், மாடியில் குடித்தனக்காரர்கள். முதலில் கொல்லைப்புறத்தில் செப்டிக் டேங்க் இருந்தது. ஆலந்தூர் நகராட்சி பாதாளச் சாக்கடை கொண்டுவந்தபோது ஐயாயிரம் ரூபாய் கட்டி இணைப்பு வாங்கினோம். இரண்டு வருடமாகக் கீழ்க் கழிவறையில் தண்ணீர் மெதுவாக இறங்குகிறது. பெருமழை பெய்தால் குளியலறை நானி டிராப் (தரையில் நீர் வடியும் வாய்) வழியாகச் சாக்கடை நீர் மேலே வருகிறது. பிளம்பர் கம்பி விட்டு எடுத்தால் இரண்டு மூன்று மாதம் சரியாக இருக்கும். இப்போது அவர், கொல்லையிலிருந்து வாசல்வரை மொத்தமாகத் தோண்டி பி.வி.சி. போட வேண்டும், வேப்ப மரத்தையும் எடுக்க வேண்டும் என்கிறார். போன வருடம்தான் கார் நிறுத்துமிடத்தில் கிரானைட் பதித்தோம். குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கலாம் என்கிறான் மகன். 'அது காசுக்குப் பிடித்த கேடு' என்கிறார் பிளம்பர். யார் சொல்வதைக் கேட்பது? கேமரா உள்ளே மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்?

— ஒரு வாசகி, நங்கநல்லூர்

பதில்:

அம்மா, மகன் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் கேமராக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் காசு செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் இரண்டு தனித்தனித் தொல்லைகள் கலந்து கிடக்கின்றன. ஆண்டு முழுவதும் தண்ணீர் மெதுவாக இறங்குவது ஒன்று. மழை நாளில் சாக்கடை எதிர்த்து வருவது இன்னொன்று. முதலாவது அநேகமாக உங்கள் மதிலுக்குள் இருக்கும் குழாயின் கோளாறு. இரண்டாவதற்குக் காரணம் தெருவில் இருக்கலாம், உங்கள் மொட்டை மாடியிலும் இருக்கலாம். அப்படியிருந்தால் கிரானைட்டை முழுக்கப் பெயர்த்துப் புதுக் குழாய் பதித்தாலும், அடுத்த ஐப்பசியில் அதே நானி டிராப்பில் அதே நீர் வந்து நிற்கும். பிளம்பர் மீது குறை சொல்லவில்லை. அடைப்பு எடுக்க அழைக்கப்பட்டவர் அடைப்பைத்தான் பார்ப்பார்.

ஆகவே முதலில் சேம்பர் மூடிகளை, அதாவது சாக்கடைக் குழாய்கள் வந்து சேரும் சிறு தொட்டிகளின் மூடிகளை, திறந்து பாருங்கள். மழையில்லாத ஒரு நாள் காலை போதும். வாசல் கேட்டுக்கு உள்ளே இருக்கும் கடைசி சேம்பர், கொல்லையில் இருக்கும் சேம்பர், நடுவில் ஏதாவது இருந்தால் அது, எல்லாவற்றின் மூடியையும் தூக்கி வைத்து அரை மணி நேரம் காற்றாட விடுங்கள். பக்கத்தில் தீக்குச்சி, சிகரெட் கூடாது. உள்ளே முகத்தை நீட்டிப் பார்க்க வேண்டாம். பேரப்பிள்ளைகள் இருந்தால் அன்று வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். கிரானைட் பதித்தவர்கள் நடு சேம்பரின் மூடிமேலேயே பதித்துவிட்டுப் போயிருக்கவும் வாய்ப்புண்டு. அழகுக்காக அப்படிச் செய்வது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. அப்படியானால் அந்த ஒரு கல்லையாவது எடுத்துத்தான் ஆக வேண்டும்.

கடைசி சேம்பரில் குழாய் வாயை மறைக்கும் அளவுக்குத் தண்ணீர் நின்றால் கோளாறு அதற்குப் பிறகு, அதாவது தெருவுக்குப் போகும் இணைப்பிலோ தெருக் குழாயிலோ இருக்கிறது. 2011-இல் ஆலந்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டதால் இப்போது நீங்கள் புகார் கொடுக்க வேண்டிய இடம் மெட்ரோ வாட்டர், அதாவது சென்னைக் குடிநீர் வாரியம். ஜெட் வண்டி (தண்ணீரை அழுத்தத்தோடு பீய்ச்சி அடைப்பெடுக்கும் வண்டி) வந்து தெருப் பக்கத்தைச் சுத்தம் செய்த பிறகு மறுபடி பாருங்கள். கடைசி சேம்பர் காலியாக இருந்து, கொல்லை சேம்பர் மட்டும் நிரம்பி நின்றால் இடைப்பட்ட குழாயில் கோளாறு. இரண்டும் காலியாக இருந்தும் கழிவறையில் தண்ணீர் தங்கினால், கழிவறைக்கும் கொல்லை சேம்பருக்கும் நடுவிலுள்ள சில அடிக் குழாயைத்தான் சந்தேகிக்க வேண்டும். இவ்வளவையும் தெரிந்துகொள்ள எந்தக் கருவியும் வேண்டாம்.

அதே காலையில் இன்னொன்றையும் செய்யுங்கள். ஒரு வாளித் தண்ணீரில் துணிக்குப் போடும் நீலத்தைத் தாராளமாகக் கலந்து, கொல்லை சேம்பரில் ஒரே மூச்சில் ஊற்றச் சொல்லுங்கள். நீங்கள் வாசல் சேம்பருக்குப் பக்கத்தில் கடிகாரத்தோடு நில்லுங்கள். சாக்கடைக் குழாயில் நீர் விநாடிக்கு இரண்டு அடியாவது ஓடினால்தான் குழாய் தன்னைத்தானே கழுவிக்கொள்ளும். கொல்லைக்கும் வாசலுக்கும் ஐம்பது அடி என்று வைத்துக்கொண்டால் நீல நீர் அரை நிமிடத்தில், மிஞ்சினால் ஒரு நிமிடத்தில் பளிச்சென்று வந்து விழ வேண்டும். அப்படி வராமல் முதலில் பழைய கறுப்பு நீரே வந்து, பல நிமிடம் கழித்து வெளிறிய நீலம் கசிந்தால் குழாய்க்குள் ஏற்கெனவே தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று பொருள். எனக்கு என்னவோ உங்கள் வீட்டில் இப்படித்தான் நடக்கும் என்று தோன்றுகிறது.

அதற்குக் காரணம் உங்கள் வீட்டின் வயது மட்டும் இல்லை, அதன் வரலாறும்தான். செப்டிக் டேங்க் இருந்த காலத்தில் கழிவறைக் குழாய்கள் எல்லாம் கொல்லையை நோக்கி வாட்டம் (சரிவு) கொடுத்துப் பதிக்கப்பட்டன. கொல்லைக்கு வந்து சேரும்போதே குழாய் தரைக்குக் கீழே கணிசமான ஆழத்தில் இருக்கும். பிறகு பாதாளச் சாக்கடை வந்தது. இணைப்பு கிடைத்ததோ வாசலில். கொல்லையிலிருந்து வீட்டைச் சுற்றிக்கொண்டு வாசல்வரை மறுபடியும் இறக்க வேண்டும். நான்கு அங்குலக் குழாய்க்கு அறுபது அடிக்கு ஓர் அடியாவது வாட்டம் வேண்டும், நாற்பதுக்கு ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. அறுபதுக்கு ஒன்று என்றாலே ஐம்பது அடி தூரத்தில் பத்து அங்குலம் இறங்க வேண்டும். வாசல் சேம்பர் அந்த ஆழத்துக்குக் கட்டப்படாமல் போனால், மேஸ்திரி இருக்கும் ஆழத்துக்குள் சமாளித்துக் குழாயைக் கிட்டத்தட்டச் சமமட்டமாகவே பதித்திருப்பார். அப்படிப்பட்ட குழாய் முதல் பதினைந்து இருபது வருடம் எப்படியோ ஓடும். பிறகு உங்களுடையது போன்ற கடிதங்கள் எனக்கு வரும்.

இதை உறுதி செய்யக் கொத்தனாரிடம் இருக்கும் டியூப் லெவலே (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) போதும். இரண்டு சேம்பருக்கும் ஒரே மட்டத்தில் சுவரில் கோடு போட்டு, அந்தக் கோட்டிலிருந்து குழாயின் அடிப்பகுதிவரை இரண்டு இடத்திலும் அளக்கச் சொல்லுங்கள். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்களுக்குக் கிடைத்திருக்கும் மொத்த வாட்டம். பத்து அங்குலத்துக்கு மேல் இருந்தால் நிம்மதி. கோளாறு ஏதோ ஓர் இடத்தில் இருக்கிறது, கேமரா அதைக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு மூன்று அங்குலம்தான் என்றால் கேமரா காட்டப்போவதைப் பாதி முன்கூட்டியே தெரிந்துகொண்டீர்கள்.

இனி கேமராவுக்கு வருகிறேன். கண்ணாடியிழைத் தண்டின் முனையில் சிறிய கேமரா, அதைச் சுற்றி விளக்குகள். தண்டைக் கையால் தள்ளத் தள்ளக் கேமரா உள்ளே போகும், மேலே திரையில் படம் ஓடும், எத்தனை அடி போயிருக்கிறது என்ற கணக்கும் ஓரத்தில் ஓடும். நல்ல கருவியில் கேமராத் தலைக்குப் பின்னால் ஒரு சிறு அலைபரப்பி இருக்கும். மேலே நிற்பவர் கையில் வைத்திருக்கும் கருவி அந்த அலையைப் பிடித்து, கேமரா இப்போது எந்தக் கல்லுக்கு நேர் கீழே, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று சொல்லும். உங்களுக்குக் கிரானைட் இருப்பதால் இந்த வசதி கட்டாயம் வேண்டும். 'இருபத்தேழு அடியில் உடைப்பு' என்ற தகவலை வைத்துக்கொண்டு எந்தக் கல்லைப் பெயர்ப்பீர்கள்? தண்டு வளைந்து நெளிந்து போவதால் அடிக்கணக்கு கொஞ்சம் முன்பின்னாகவும் இருக்கும். வெறும் படம் காட்டுபவரை விட்டுவிட்டு, தரையில் சாக்பீஸால் குறி போட்டு ஆழத்தை எழுதித் தருபவரைத் தேடுங்கள்.

கேமரா விடும் முன் குழாயைச் சுத்தம் செய்ய வேண்டுமா என்பதில் தொழிலிலேயே இரண்டு கட்சி உண்டு. சுத்தம் செய்யாவிட்டால் கண்ணாடியில் சேறு அப்பி ஒன்றும் தெரியாது. சுத்தம் செய்துவிட்டால் அடைப்பு எங்கே இருந்தது என்ற தடயம் போய்விடும். இருக்கிற நிலையிலேயே ஒரு தடவை, ஜெட் அடித்த பிறகு இன்னொரு தடவை என்று இரண்டு முறை விடச் சொல்வதுதான் என் வழக்கம். முதல் ஓட்டத்தில் கேமரா எங்கே நின்றுபோகிறது என்பதே பெரிய செய்தி. பழைய குழாயில் ஜெட்டின் அழுத்தத்தைக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள். நாற்பது வருடச் சிமென்ட் இணைப்பு முழு அழுத்தத்தைத் தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. இரண்டாவது ஓட்டத்தில் மாடிக் குடித்தனக்காரர்களைக் குழாயைத் திறந்துவிடச் சொல்லுங்கள். காய்ந்த குழாயில் கேமரா விட்டால் பள்ளம் தெரியாது. தண்ணீர் ஓடும்போது விட்டால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நீர் ஓர் இடத்தில் மெல்ல உயர்ந்து, கண்ணாடியின் பாதியை மறைத்து, பிறகு முழுக்க மூழ்கடித்து, சில அடி தாண்டி மறுபடி வெளியே விடும். குழாய் உள்வாங்கியிருப்பதைக் காட்டும் அடையாளம் அதுதான். கொஞ்சம் கொஞ்சமாக மலமும் காகிதமும் தங்குவது அங்கேதான்.

வீடு கட்டிய காலத்துக் குழாய் மிச்சம் இருந்தால் அது ஸ்டோன்வேராக இருக்கும். பழுப்பு நிறத்தில் மெருகேற்றிய சுட்ட மண் குழாய். மண்ணரிப்போ ரசாயனமோ அதை ஒன்றும் செய்யாது, உடைக்காதவரை நூறாண்டு கிடக்கும். அதன் பலவீனமெல்லாம் இணைப்பில். ஒவ்வொரு குழாயும் இரண்டு அடி, மிஞ்சினால் மூன்று அடிதான். ஐம்பது அடிக்கு இருபது இருபத்தைந்து இணைப்புகள். சணல் திணித்துச் சிமென்ட் பூசிய அந்த இணைப்புகளில் ஒன்று விரிசல் விட்டாலும் ஈரம் வெளியே கசியும். அந்த ஈரத்தைத் தேடி வேப்ப மரத்தின் வேர் வரும். உள்ளே நுழையும்போது நூல் அளவுதான் இருக்கும். நுழைந்த பிறகு உரமும் நீரும் ஓயாமல் கிடைப்பதால் கிளைத்துக் கிளைத்து, திரையில் பார்த்தால் வாரப்படாத சடைபோல மேலிருந்து தொங்கும். பிளம்பரின் கம்பி அதன் நடுவில் ஓர் ஓட்டை போடுகிறது. மூன்று மாதத்தில் அது மூடிக்கொள்கிறது. உங்கள் வீட்டுக் கணக்கும் அதே மூன்று மாதமாக இருப்பதைக் கவனித்தீர்களா?

இதற்காக மரத்தை வெட்டச் சொல்வது நியாயம் இல்லை. வெட்டினாலும் விரிசல் அப்படியேதான் இருக்கும், கசிவும் நிற்காது. இணைப்பை மாற்றினால் வேருக்கு அங்கே வேலை இல்லை.

இன்னொன்றையும் எதிர்பாருங்கள். குழாய்க்குள் போய்க்கொண்டிருக்கும் கேமரா திடீரென்று சுவரே இல்லாத ஓர் இருட்டுக்குள் தலையை நீட்டி, கீழே சேற்றைக் காட்டலாம். அது உங்கள் பழைய செப்டிக் டேங்க்தான். பாதாளச் சாக்கடை இணைப்புக் கொடுத்த அவசரத்தில் தொட்டியை ஒதுக்கிவிட்டு நேராகக் குழாய் போடுவதற்குப் பதில், தொட்டியிலிருந்து வெளியேறும் குழாயை மட்டும் நீட்டி வாசலில் சேர்த்துவிட்ட வீடுகள் இருக்கின்றன. இருபது வருடமாக யாரும் சேறு எடுத்திருக்க மாட்டார்கள், ஏனென்றால் வீட்டுக்காரருக்கே தொட்டி உயிரோடு இருப்பது தெரியாது. தொட்டி நிரம்பியதும் சேறு குழாய்க்குள் இறங்க ஆரம்பிக்கும். அப்படி இருந்தால் குழாயை மாற்றுவது இரண்டாம் வேலை. முதலில் லாரியை வரவழைத்துத் தொட்டியை உறிஞ்சி எடுத்து, தொட்டியைச் சுற்றிப் புதுக் குழாய் போட்டு, காலித் தொட்டியை மணல் கொட்டி மூட வேண்டும்.

இந்த இடத்தில் மட்டும் நான் கறாராகப் பேசுவேன். தொட்டிக்குள்ளோ சேம்பருக்குள்ளோ எந்த மனிதரையும் இறக்காதீர்கள். 'ரெண்டு நிமிஷ வேலைதான், நானே இறங்கிவிடுகிறேன்' என்று அவரே முன்வந்தாலும் வேண்டாம். சாக்கடையில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டையாக நாறும். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் இல்லை என்று நம்பி இறங்கியவர்களும், அவர்களைத் தூக்கப் போனவர்களும் அடுத்தடுத்துச் செத்த செய்தி நம் பத்திரிகைகளில் எத்தனை முறை வந்துவிட்டது! மனிதர்களைக் கழிவு அகற்றும் பணியில் ஈடுபடுத்துவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பில்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்கினால் முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டுவரை சிறை, இரண்டு லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். இறங்கியவர் இறந்தால் தர வேண்டிய இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023-இல் முப்பது லட்சமாக உயர்த்தியிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் கூடாது என்பது வேறு விஷயம்.

கேமராவால் சொல்ல முடியாத ஒன்றும் உண்டு. இணைப்பு வழியாக நீர் வெளியே கசிகிறதா என்பது படத்தில் தெரியாது. உங்கள் பகுதி வீடுகளில் சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) பெரும்பாலும் வாசலில், சாக்கடைக் குழாய் போகும் அதே பக்கத்தில் இருக்கும். கொல்லையில் பழைய கிணறும் இருக்கலாம். இரண்டில் ஒன்று குழாய்க்கு அருகில் இருந்தாலும் இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள்: வாசல் சேம்பரில் குழாய் வாயை இறுக அடைத்து, கொல்லை சேம்பரில் குழாய்க்கு மேல் ஓரடி உயரம்வரை நல்ல தண்ணீர் நிரப்பி, மட்டத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாரும் தண்ணீர் விடக் கூடாது. சேம்பர் சுவரே கொஞ்சம் உறிஞ்சும், அது அடங்கிய பிறகு மறுபடி நிரப்பி, அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிய இறங்கியிருந்தால் அந்த நீர் மண்ணுக்குள்தான் போகிறது. அப்போது அடைப்பை விட அவசரமான வேலை உங்களுக்கு வந்துவிட்டது. அதைச் சரிசெய்யும்வரை சம்ப் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் எடுக்காதீர்கள்.

படத்தைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள் என்றும் சொல்லி வைக்கிறேன். நான்கு அங்குலக் குழாய் திரையில் ரயில் போகும் அளவுக்குத் தெரியும். மயிரிழை விரிசல் மலைப்பிளவாகத் தெரியும். இரண்டு குழாய் சேருமிடத்தில் கால் அங்குல ஏற்ற இறக்கம் இருந்தால் அதற்காகத் தோண்ட மாட்டேன். அரை அங்குலம் நீர் தேங்கினாலும் தோண்ட மாட்டேன். பாதிக் குழாய்க்கு மேல் நீர் நிற்கும் பள்ளம், சில்லு பெயர்ந்து மண் தெரியும் உடைப்பு, ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் வேர் — இவைதான் கவலைப்பட வேண்டியவை. ஒன்றிரண்டு இடம் என்றால் அந்தக் கற்களை மட்டும் எடுத்து, மூன்று நான்கு அடி தோண்டி மாற்றிவிடலாம். குழாய்க்குள்ளேயே பிசின் உறை ஒட்டும் முறையை யாராவது சொன்னால், விரிசலுக்கும் வேருக்கும் அது சரி, பள்ளத்துக்கு உதவாது. பள்ளத்தில் ஒட்டிய உறையும் பள்ளமாகவே இருக்கும்.

வாட்டமே போதவில்லை என்று தெரிந்தால் பிளம்பர் சொன்னது சரி, முழுக்க மாற்றத்தான் வேண்டும். ஆனால் பழைய தடத்திலேயே தோண்ட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வீட்டின் இன்னொரு பக்கச் சந்தில் கிரானைட் இல்லையென்றால் புதுக் குழாயை அங்கே கொண்டுபோகலாம். முன்பக்கக் கழிவறையைக் கொல்லைக்கு அனுப்பாமல் நேராக வாசலுக்கே இறக்கினால் பாதிச் சுமை குறையும்.

கேமராக்காரரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டியவை சில. துண்டு துண்டாக வெட்டாத முழுப் பதிவு வேண்டும்; எந்தச் சேம்பரில் தொடங்கி எங்கே போகிறது என்று பதிவின் தொடக்கத்தில் குரலிலாவது சொல்ல வேண்டும்; அடிக்கணக்கு திரையில் தெரிய வேண்டும். பார்ப்பதற்குத் தனிக் கூலி கொடுங்கள். 'பார்ப்பது இலவசம், வேலையை எங்களிடமே கொடுங்கள்' என்று வருபவரின் படத்தில் எப்போதும் பெரிய உடைப்புதான் இருக்கும். அன்றைக்கே எந்த வேலைக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பதிவை உங்கள் பிளம்பரிடமும் போட்டுக் காட்டுங்கள். அவருக்கு வீட்டின் கதை தெரியும்.

மழைக்கால விஷயத்துக்கு வருகிறேன். மொட்டை மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய் எங்கே முடிகிறது என்று முதலில் பாருங்கள். சேம்பருக்குள் முடிந்தால் இன்றைக்கே பிரியுங்கள். ஆயிரம் சதுர அடி மாடியில் ஐந்து சென்டிமீட்டர் மழை என்றால் நாலாயிரத்து அறுநூறு லிட்டர் தண்ணீர். தெருவில் எல்லா வீடும் அதைச் சாக்கடையில் விட்டால், கழிவுநீருக்கு மட்டும் கணக்குப் போட்டுப் பதித்த குழாய் என்ன செய்யும்? தாழ்வான வீட்டின் குளியலறை வழியாகத்தான் வெளியே வரும். 2003-லிருந்து மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம். உங்கள் மாடித் தண்ணீர் போக வேண்டிய இடம் அந்தக் குழிதான். உங்கள் வீட்டில் சரியாக இருந்தும் மழையன்று வாசல் சேம்பர் தெருப் பக்கத்திலிருந்து நிரம்பினால், அங்கே ஒரு பின்வரவுத் தடுப்பு வால்வு வைக்கலாம். வால்வு மூடியிருக்கும் நேரத்தில் உங்கள் வீட்டு நீரும் வெளியே போகாது என்பதை மறக்க வேண்டாம். மாடியில் துணி துவைக்கும் இயந்திரம் ஓடினால் அந்த நீர் உங்கள் நானி டிராப்பில்தான் வரும். குடித்தனக்காரர்களிடம் சொல்லி வைக்க வேண்டியிருக்கும்.

கேமரா மாட்டிக்கொள்ளுமா என்று கேட்டிருந்தீர்கள். மாட்டிக்கொள்ளும். வேர்ச் சடையில் தலை சிக்கினாலும், விலகிய இணைப்பைத் தாண்டிப் போய்த் திரும்ப வரும்போது விளிம்பில் இடறினாலும், மெதுவாகத் தண்ணீர் விட்டு முன்னும் பின்னும் அசைத்து எடுத்துவிடுவார்கள். முரட்டுத்தனமாக இழுத்தால் தலை கழன்று உள்ளேயே நின்றுவிடும். கழிவறைப் பீங்கான் வழியாக விடச் சொல்லாதீர்கள், அதன் வளைவிலேயே நின்றுவிடும். சேம்பரிலிருந்துதான் விட வேண்டும். எடுக்க முடியாமல் தோண்ட வேண்டி வந்தால் அந்தச் செலவு யாருடையது என்று வேலை தொடங்கும் முன் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தரத் தயங்குபவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.